பழைய ஃபோர் வீல் ஜீப்பில் கோளாறைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

ஒடுகத்தூரிலிருந்து பீஞ்சமந்தைப் பக்கம் ஏறும் மலைப்பாதையிலும், ஜமுனாமரத்தூரைச் சுற்றிய மலைக்கிராமங்களிலும், குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டாரத்துத் தோப்புகளிலும் பழைய ஃபோர் வீல் ஜீப்புகள் இன்னமும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. மஹிந்திராவின் எம்.எம். 540, மேஜர் போன்ற டீசல் ஜீப்புகளுக்கும், 1985 முதல் வந்த மாருதி ஜிப்சிக்கும் அடிப்படை அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: முன்னும் பின்னும் முழு ஆக்சில், அதன்மேல் பிளேட் ஸ்பிரிங், எப்போதும் பின்சக்கர ஓட்டம், லிவரைப் போட்டால் மட்டும் முன்சக்கர ஓட்டம். எனவே கீழே சொல்லும் முறை இவை அனைத்துக்கும் பொருந்தும்.

இத்தகைய வண்டி பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் முதலில் நடப்பது ஏதாவது ஒன்றைக் கழற்றுவதுதான். உறுமல் சத்தம் என்று சொன்னவுடன் கியர்பாக்ஸை இறக்கி, பேரிங் செட் முழுவதையும் மாற்றி, மீண்டும் ஏற்றிய பிறகும் அதே உறுமல் தொடர்வதை இந்த வண்டி வைத்திருக்கும் பலர் பார்த்திருப்பார்கள். ஃபோர் வீல் வண்டியில் சுழலும் பாகங்கள் சாதாரணக் காரைவிட ஏறத்தாழ இருமடங்கு என்பதால் ஊகத்தில் கழற்றுவது இங்கே அதிகம் செலவு வைக்கும். ஆனால் அதே வண்டியில், எந்தப் பாகம் சுழல வேண்டும், எது சும்மா நிற்க வேண்டும் என்பதை ஓட்டுநரே தீர்மானிப்பதற்கு இரண்டு லிவர்களும், பல வண்டிகளில் முன்சக்கரங்களை ஆக்சிலோடு பூட்டவும் விடுவிக்கவும் உதவும் ஃப்ரீ வீல் ஹப்பும் இருக்கின்றன. அவற்றைச் சரியாகப் பயன்படுத்தினால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே கோளாறு இருக்கும் இடத்தைப் பெரும்பாலும் குறுக்கிவிடலாம்.

முதலில் பாதுகாப்பு

பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களில் கிடையாது. கியர்பாக்ஸின் ஓட்டத்தை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறத்தில், ஆக்சிலுக்கு ஓட்டத்தைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் உள்ள ஒரு சிறு டிரம்மில் இருக்கும். ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டால், டிஃப்ரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் சுற்றுவதற்கு இடம் கிடைத்துவிடுவதால், ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தாலும் வண்டி உருளும். பின் ஷாஃப்ட்டைக் கழற்றினால் ஹேண்ட் பிரேக் அறவே இல்லை என்றே கொள்ள வேண்டும். ஆகவே தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்காமல் ஜாக்கி போடக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். மண்தரையானால் ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் தடித்த பலகை தேவை.

சத்தம் எங்கிருந்து வருகிறது

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டுத் தொடங்க வேண்டும். கிளட்ச்சை மிதிக்காதபோது கேட்கும் சத்தம் மிதித்தவுடன் நின்றால், கியர்பாக்ஸின் முன் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதித்தபோது மட்டும் கிறீச்சென்று வந்தால் அது ரிலீஸ் பேரிங். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி இருந்தால் சத்தம் எஞ்சின் பக்கம். ஃபேன் பெல்ட்டைக் கழற்றி ஒரு நிமிடம் மட்டும் ஓடவிட்டு, சத்தம் நின்றுவிட்டதா என்று பார்த்தால் வாட்டர் பம்ப், டைனமோ ஆகியவை விடுபடுகின்றனவா, மாட்டுகின்றனவா என்பது தெரிந்துவிடும்.

அடுத்து, டிரான்ஸ்ஃபர் லிவரை நியூட்ரலில் வைத்து, கியர்பாக்ஸில் ஒவ்வொரு கியராகப் போட்டு கிளட்ச்சை விட வேண்டும். வண்டி நகராது, ஆனால் கியர்பாக்ஸும், டிரான்ஸ்ஃபர் கேஸின் உள்ளே நுழையும் பல்சக்கரமும் சுழலும். இங்கேயே சத்தம் வந்தால் ஆக்சில்கள் இரண்டும், ஷாஃப்ட்டுகள் இரண்டும் குற்றமற்றவை. நான்கு கியர் வண்டியில் ஓட்டத்தின்போது மற்ற மூன்றிலும் உறுமி, நேரடியாகச் செல்லும் நான்காவதில் மட்டும் அடங்கினால், கீழே உள்ள லே ஷாஃப்ட்டின் பேரிங்குகளே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நின்ற நிலையில் எதுவும் கேட்கவில்லையென்றால் சாலைக்குச் செல்ல வேண்டும். நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோடு போன்ற நேரான, நெரிசலில்லாத இடம் போதும். முன் ஹப்புகளை ஃப்ரீயில் வைத்து, டூ ஹையில் (பின்சக்கர ஓட்டம் மட்டும்) மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, கியரை நியூட்ரலுக்கு எடுத்து வண்டியை உருளவிட வேண்டும். சத்தம் அப்படியே தொடர்ந்தால் எஞ்சினும் கியர்பாக்ஸும் கணக்கில் வராது; பின் ஆக்சில், பின் ஷாஃப்ட், டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளியீட்டுப் பக்கம், சக்கர பேரிங், டயர் இவையே மிச்சம். இதில் ஸ்டீயரிங்கை மெல்ல இடமும் வலமும் வளைக்கும்போது சத்தம் கூடிக் குறைந்தால் அது சக்கர பேரிங். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒரு குரலிலும், விடும்போது வேறு குரலிலும் ஊளையிட்டால் ஆக்சிலின் நடுவில் உள்ள கிரவுன் பினியன் பல்சக்கரங்களை, குறிப்பாகப் பினியன் பேரிங்குகளை, பார்க்க வேண்டும். தார்ச்சாலையில் மட்டும் வந்து மண்சாலையில் மறைந்துவிடும் உறுமல் பெரும்பாலும் டயரின் பட்டன்கள் ஒழுங்கற்றுத் தேய்ந்ததால் வருவது. அதற்காக ஆக்சிலைத் திறப்பது வீண்.

இப்போது வண்டியை நிறுத்தி, இரண்டு முன் ஹப்புகளையும் லாக் செய்து, லிவரை டூ ஹையிலேயே விட்டு, அதே வேகத்தில் அதே இடத்தில் மீண்டும் ஓட்ட வேண்டும். முன் ஆக்சிலும் முன் ஷாஃப்ட்டும் இப்போது சுமையில்லாமல் சுழல்கின்றன. முன்பு இல்லாத சத்தமோ அதிர்வோ இப்போது முளைத்தால், அது முன்பக்கத்தைச் சேர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஹப் இல்லாமல் முன் ஆக்சில் எப்போதும் சுழலும் வண்டிகளில், முன் ஷாஃப்ட்டை மட்டும் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பது இதற்கு ஓரளவு ஈடாகும்.

ஃபோர் ஹை (நான்கு சக்கர ஓட்டம்) சோதனையை மணலிலோ உழுத நிலத்திலோ மட்டும் செய்ய வேண்டும். பாலாற்றங்கரையில் இதற்கு இடப் பஞ்சமில்லை. காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீல் போட்டு வளைத்தால், முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் கடக்கும் தூரம் வேறுபடுவதால் ஷாஃப்ட்டுகளில் முறுக்கு ஏறி, லிவர் திரும்ப வர மறுக்கும். அவ்வாறு சிக்கிய லிவரைச் சுத்தியலால் தட்டுவோர் உண்டு. நேராகச் சில அடி ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு இறங்கி, லிவர் தானாகவே விடும். நேரான சாலையிலும் அடிக்கடி இப்படிச் சிக்கினால் முன் டயரும் பின் டயரும் ஒரே அளவிலும் ஒரே தேய்மானத்திலும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

ஃபோர் வீல் எடுக்கவில்லை என்றால்

லிவர் விழுகிறது, ஹப் திரும்புகிறது, ஆனால் மணலில் பின்சக்கரம் மட்டும் குழி தோண்டுகிறது என்ற புகாருக்கு ஒரே ஒரு ஜாக்கி போதும். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு முன்சக்கரத்தை மட்டும் தூக்கி, இரண்டு முன் ஹப்புகளையும் லாக் செய்து, எஞ்சினை நிறுத்திய நிலையில் ஃபோர் ஹையில் லிவரைப் போட்டு, தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால், பல்லிடைவெளி அளவுக்குச் சிறிது ஆடிவிட்டுச் சக்கரம் நின்றுவிட வேண்டும். தாராளமாகச் சுற்றினால், உதவிக்கு ஒருவரை அடியில் பார்க்கச் சொல்ல வேண்டும். சக்கரத்தோடு முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் சேர்ந்து சுற்றினால் ஹப்பும் ஆக்சிலும் நன்றாக உள்ளன. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் பல்சக்கரத்தை நகர்த்தும் ஃபோர்க் தேய்ந்தோ, லிவர் கம்பியின் புஷ் தேய்ந்து முழுமையாக விழாமலோ இருக்கிறது. ஷாஃப்ட் அசையாமல் சக்கரம் மட்டும் சுற்றினால், அந்தப் பக்கத்து ஹப்பைத் திறக்க வேண்டும். உள்ளே பெரும்பாலும் இறுகிப்போன பழைய கிரீஸும், துருவேறிய ஸ்பிரிங்கும்தான் இருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, மெல்லிய பூச்சாகப் புதிய கிரீஸ் தடவினால் பல ஹப்புகள் பிழைத்துவிடும். ஹப்பும் நன்றாக இருந்தால் ஆக்சில் ஷாஃப்ட்டோ, அதைச் சாய்வாகவும் சுழலவிடும் சிலுவை வடிவ மூட்டான கிராஸோ உடைந்திருக்கலாம். மறுபக்கச் சக்கரத்தையும் இதேபோல் தனியாகச் சோதிக்க வேண்டும்.

மலை இறக்கத்தில் ஃபோர் லோவிலிருந்து (நான்கு சக்கர ஓட்டத்தின் மெதுவான கியர்) லிவர் தானாகத் துள்ளி வெளியே வந்தால், கேஸைப் பிரிப்பதற்கு முன் அதைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்குகளைப் பார்ப்பது நல்லது. ரப்பர் அழுகி கேஸ் கீழே தொங்கினால், லிவர் தரைத் தகட்டில் இடித்துக்கொண்டு கியரை வெளியே தள்ளும். ஜிப்சியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸிலிருந்து பிரிந்து தனியாக ரப்பர்களில் தொங்குவதால் அங்கே இது இன்னும் முக்கியம். ரப்பர் சரியாக இருந்து இன்னும் துள்ளினால்தான் உள்ளே இருக்கும் குண்டு, ஸ்பிரிங், ஃபோர்க், பல்லின் விளிம்பு ஆகியவற்றுக்கு வர வேண்டும்.

கிராஸும் ஷாஃப்ட்டும்

கியர் போட்டு கிளட்ச்சை விடும்போது 'டக்' என்று அடித்தால் ஷாஃப்ட்டை இரு கைகளாலும் பிடித்துத் திருப்பியும், மேலும் கீழும் தூக்கியும் பார்க்க வேண்டும். கிராஸின் மூடியைச் சுற்றிச் செந்தூள் படிந்திருந்தால், உள்ளே கிரீஸ் வற்றி ஊசி பேரிங் அரைபடுகிறது என்று பொருள். அந்தக் கிராஸைக் கிரீஸ் அடித்து மீட்க முடியாது. ஷாஃப்ட்டின் சறுக்கும் பகுதியை உருவுவதற்கு முன் இரு பாதிகளிலும் பஞ்ச்சால் ஒரு புள்ளி குத்திக்கொள்ள வேண்டும். இரு முனைகளிலும் உள்ள நுகங்கள் ஒரே தளத்தில் நிற்க வேண்டியவை. ஒரு பல் தள்ளிப் பூட்டினால்கூட, கிராஸ் புதிதாக இருந்தும் வேகத்தில் வண்டி முழுவதும் அதிரும். புதுக் கிராஸ் போட்ட பிறகு தொடங்கிய அதிர்வுக்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

முன்சக்கர ஆட்டம்

மணிக்கு 50 கிலோமீட்டர் அளவில் ஒரு சிறு பள்ளத்தில் ஏறி இறங்கியதும் ஸ்டீயரிங் கையை உதறிக்கொண்டு ஆடத் தொடங்கி, வண்டி ஏறத்தாழ நிற்கும்வரை ஓயாமல் இருப்பது பழைய ஜீப்புக்கும் ஜிப்சிக்கும் உரிய நோய். டயர் பேலன்ஸ் ஆட்டத்தைத் தூண்டிவிடலாம். ஆனால் எங்கோ ஒரு மூட்டு தளர்ந்திருந்தால்தான் ஆட்டம் நிலைக்கும். உதறலை அடக்கும் ஸ்டீயரிங் டேம்பரைப் புதிதாக மாட்டினால் சில மாதங்களுக்கு நோய் மறைந்திருக்கும், அவ்வளவே.

முதல் சோதனையில் சக்கரங்கள் தரையிலேயே நிற்க வேண்டும். ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சிறிய அளவில் வேகமாக ஆட்ட, மற்றவர் அடியில் ஒவ்வொரு மூட்டின்மேலும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். டை ராட் எண்ட், டிராக் லிங்க், ஸ்டீயரிங் பாக்ஸ் சட்டத்தில் பூட்டப்பட்ட இடம் என்று வரிசையாகத் தொட்டுக்கொண்டு வந்தால், ஒரு பக்கம் நகர்ந்து மறுபக்கம் தாமதமாக நகரும் மூட்டைக் கண்ணைவிட விரல் விரைவில் கண்டுபிடிக்கும். ஸ்டீயரிங் பாக்ஸின் போல்ட் தளர்ந்து, சட்டத்தில் விரிசல் விட்டிருப்பதும் மலைப்பாதை வண்டிகளில் உண்டு; எனவே சட்டத்தைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

பிறகு முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால், உதவியாளரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்ட வேண்டும். பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் சக்கர பேரிங் தளர்ந்திருக்கிறது. மறையாவிட்டால் கிங் பின், அதாவது சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சாணி. சக்கர பேரிங்கைச் சரிசெய்ய, ஹப்பைச் சுற்றிக்கொண்டே உள் நட்டைச் சக்கரம் பிடிக்கும்வரை முறுக்கி, ஏறக்குறைய ஆறில் ஒரு சுற்று பின்வாங்கி, பூட்டுத் தகட்டை மாட்டி, வெளி நட்டை இறுக்கி, தகட்டை நட்டின்மேல் மடிக்க வேண்டும். கிங் பின்னில் மூடிக்கு அடியில் உள்ள ஷிம் தகடுகளில் மெல்லிய ஒன்றை எடுத்தால் பேரிங்கில் இறுக்கம் கூடும். ஆனால் மூடியைத் திறந்ததும் பேரிங் வளையத்தில் ஒரே இடத்தில் குழிக் குழியாகப் பதிந்திருந்தால் ஷிம்மால் பயனில்லை, பேரிங்கை மாற்ற வேண்டும். டை ராடைக் கழற்றிய நிலையில், சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிளைக் கையால் திருப்பும்போது சீரான எதிர்ப்பு தெரிய வேண்டும். தானாக விழுந்து ஆடினால் இறுக்கம் போதவில்லை.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஆட்டம் தொடர்ந்தால் ஸ்பிரிங் கண்ணின் புஷ்ஷும் ஷாக்கிளும் பார்க்கப்பட வேண்டும். வண்டியை உயரமாக்க ஸ்பிரிங்கில் கூடுதல் பிளேட் சேர்த்தோ, நீளமான ஷாக்கிள் மாட்டியோ இருந்தால் முன் ஆக்சிலின் காஸ்டர் சாய்வு குறைந்து, சக்கரம் தானாக நேருக்குத் திரும்பும் குணத்தை இழந்துவிடும். அழகுக்காக வண்டியைத் தூக்கியவர்கள் கட்டும் அபராதம் இது; ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் சாய்வான ஆப்புத் தகடு வைத்து இதைச் சரிசெய்யலாம்.

வேலூர் வெயிலும் எஞ்சின் சூடும்

கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், பழைய டீசல் எஞ்சின் சூடாவதை இயல்பு என்று விட்டுவிடுகிறார்கள். நல்ல நிலையில் உள்ள ரேடியேட்டர் இந்த வெயிலைத் தாங்கும். எப்போது சூடாகிறது என்பதே முதல் கேள்வி. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாக ஏறும்போது சூடாகி, சமவெளியில் வேகமெடுத்ததும் தணிந்தால் குறை காற்றோட்டத்தில்: தளர்ந்த பெல்ட், உடைந்த ஃபேன் இறக்கை, யாரோ கழற்றி எறிந்த ஃபேன் கூண்டு, ரேடியேட்டர் இடுக்குகளில் அடைந்த மண். மாறாக, நெடுஞ்சாலையில் தொடர்ந்து வேகமாக ஓடும்போது முள் ஏறினால் குறை நீரோட்டத்தில்: உள்ளே அடைத்த ரேடியேட்டர், உறிஞ்சலில் சப்பையாகும் கீழ் ஹோஸ், தேய்ந்த வாட்டர் பம்ப்.

பாலாற்றுப் படுகையில், குறிப்பாகத் தோல் தொழிற்சாலைகள் உள்ள ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளில், போர் தண்ணீரின் உப்பு பெயர்பெற்றது. அந்தத் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டு வந்தால் குழாய்களின் உட்புறம் வெள்ளையாகப் பாறை கட்டும். எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகு மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் குழாய் வாய்களில் அந்த வெண்படிவம் தெரியும். அதிகம் படிந்திருந்தால் மேல் தொட்டியைப் பிரித்துக் கம்பி விட வேண்டும் அல்லது ரேடியேட்டரின் கோர் பகுதியை மாற்ற வேண்டும். அதன்பின் காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் சரிபாதியாகக் கலந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் இங்கே பரவலான வழக்கம். அதனால் ஏற்றத்தில் சூடு குறைவதில்லை, காலையில் எஞ்சின் சூடேறுவதற்குத் தாமதமாகி டீசல்தான் கூடுதலாகச் செலவாகிறது. தெர்மோஸ்டாட்டை நீரில் தொங்கவிட்டுச் சூடேற்றி, அதன்மேல் பொறித்த வெப்பத்தை ஒட்டித் திறக்கிறதா என்று பார்த்து, திறக்காவிட்டால் புதியது போட வேண்டும்.

தண்ணீர் குறைந்துகொண்டே போய், வெளியே எங்கும் கசிவு இல்லையென்றால் ஹெட் கேஸ்கட்டைச் சோதிக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்ததும் தொடர்ந்து குமிழி வந்தாலோ, மூடியிட்ட நிலையில் ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்போல் இறுகினாலோ சிலிண்டரில் எரிந்த வாயு நீர்ப்பாதையில் கலக்கிறது. ஹெட்டைக் கழற்றினால் லேத் பட்டறையில் அதன் தளம் நேராக உள்ளதா என்று பார்க்காமல் புதுக் கேஸ்கட் போடக் கூடாது.

ஸ்டார்ட்டும் புகையும்

காலையில் மட்டும் அடம்பிடித்து வெண்புகை விடும், எம்.எம். 540 போன்றவற்றில் உள்ள பியூஜோ வகை எஞ்சினில் ஹீட்டர் பிளக்கை முதலில் பார்க்க வேண்டும். பிளக்கின் வயரைக் கழற்றி, பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் பிளக் முனைக்கும் இடையே ஒரு சோதனை பல்பைப் பிடித்தால், எரியாத பிளக் செத்தது. பிளக்குகள் நன்றாக இருந்தால், இரவில் டீசல் பின்வாங்கி லைனில் காற்று ஏறுகிறதா என்பது அடுத்த சோதனை. ஃபில்டருக்குப் பின் ஒரு முழம் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டினால் குமிழிகள் கண்ணுக்குத் தெரியும். கரும்புகைக்கு ஏர் ஃபில்டரும் நாசிலும், நீலப்புகைக்கு ரிங்கும் வால்வ் சீலும் காரணம் தேட வேண்டிய இடங்கள்.

எஞ்சின் ஒரு காலில் நொண்டினால், ஐடிலில் ஒவ்வொரு நாசில் குழாயின் நட்டையும் சிறிது தளர்த்திப் பார்ப்பது பழைய முறை: தளர்த்தியும் ஓட்டம் மாறாத சிலிண்டரே குற்றவாளி. பீறிடும் டீசல் தோலைத் துளைக்கும் என்பதால் துணி சுற்றிக் கண்ணாடி அணிந்தே செய்ய வேண்டும். எல்லா நாசில்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சின் உள்ள புதிய வண்டிகளில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. அங்கே அழுத்தம் 1000 பாரையும் தாண்டும்.

ஆயில் எங்கே போகிறது

டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்கும் ஜீப்பில், கியர்பாக்ஸில் ஆயில் குறைந்து, தரையில் ஒரு சொட்டும் இல்லையென்றால், டிரான்ஸ்ஃபர் கேஸின் நிரப்பும் பிளக்கைத் திறந்து பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையே உள்ள சீல் போனால் ஒன்று வற்றி மற்றொன்று வழியும். முன்சக்கரத்தின் உருண்டை நக்கிளிலிருந்து கிரீஸுக்குப் பதிலாக நீர்த்த கருப்புக் குழம்பு ஒழுகினால், ஆக்சிலின் உள் சீல் பழுதாகி கியர் ஆயில் வந்து கலந்துவிட்டது. அது பிரேக் டிரம்முக்குள் இறங்கினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பித்தளை சிங்க்ரோ (கியரை உரசாமல் சேர்க்கும் வளையம்) உள்ள கியர்பாக்ஸுக்கு ஜி.எல். 4, ஆக்சில்களுக்கு ஜி.எல். 5 தரத்து ஆயிலை ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றக் கூடாது.

சீல் மாற்றிய சில நாளிலேயே மீண்டும் ஒழுகினால் ஆக்சிலின் மேல் உள்ள பிரீதரை (காற்று போக்கும் துளை மூடி) கழற்றி ஊதிப் பார்க்க வேண்டும். அது மண்ணால் அடைத்திருந்தால், சூடான காற்று வெளியேற வழியின்றி ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். மழைக்காலத்தில் கவுண்டன்யா ஆற்றிலோ மலையோடைகளிலோ தண்ணீரில் இறங்கிய வண்டிக்கு இதன் எதிர்விளைவும் உண்டு: சூடான ஆக்சில் திடீரெனக் குளிரும்போது, தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். மறுநாள் காலை, வண்டியை அசைப்பதற்கு முன், அடிப் பிளக்கைச் சற்றே தளர்த்தினால் முதலில் தண்ணீர் சொட்டும். ஏற்கெனவே ஓட்டிவிட்டால் ஆயில் பால் கலந்த டீயின் நிறத்தில் இருக்கும். இரண்டில் எது தெரிந்தாலும் ஆயிலை முழுவதும் வடித்து மாற்ற வேண்டும்.

ஸ்பிரிங்கையோ ஆக்சிலையோ இறக்கி ஏற்றியிருந்தால், சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு யு போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும் நிலையிலேயே மீண்டும் முறுக்க வேண்டும். பிளேட்டுகள் படியும்போது அவை தளர்வது இயல்பு. தளர்ந்தபடியே ஓட்டினால் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் இடம்பெயரும்.